உலர்வுக் கணக்கு

மேலூர் தாண்டி, கிரானைட் குழிக்கு இந்தப் பக்கம்
நேரடி நெல் கொள்முதல் நிலையம்.
நான் பட்டியல் எழுத்தர். பருவகாலத்துக்கு மட்டும்.
நாற்பது கிலோ சிப்பம், ஈரப்பதம் பதினேழு,
சணல், தார்ப்பாய், லாரி வராத பதினொரு நாள்.

வந்த நெல்லுக்கும் போன நெல்லுக்கும் நடுவே
நூற்று முப்பத்தாறு கிலோவைக் காணோம்.
எங்கே என்று மண்டல அலுவலகம் கேட்டிருக்கிறது.
பதிலுக்கு மூன்று வரி இடம்.

காய்ந்ததில் கொஞ்சம் போயிருக்கும். அது காற்றின் பங்கு,
அதனிடம் கையெழுத்து வாங்க முடியாது.
தார்ப்பாயின் கிழிசலை மைனாக்கள்
எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தன.
அந்துப்புழு உள்ளிருந்தே தின்றது.
சிப்பத்தில் கையை நுழைத்தால்
காய்ச்சல்காரன் அக்குள் போல ஒரு சூடு.
மற்றதெல்லாம் எலி.

சுமை தூக்கும் சோணைமுத்து சிரித்தான்:
"எலியப் பிடிச்சு எடை போடுங்க சார்,
நெல்லு அதுக்குள்ளதான இருக்கும்."

எலி அகப்படவில்லை.
எடைமேடை மேலேயே கிடந்தது
கருத்து மினுங்கும் ஓர் உருண்டை, சின்ன எலுமிச்சை அளவு.
கூகை கக்கியது.
தகரக் கூரையின் விட்டத்தில் இருக்கிறது அது,
நான் வேலைக்கு வருமுன்பிருந்தே.
இங்கே நிரந்தரப் பணியில் அது ஒன்றுதான்.

டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன்.
மயிர். மயிர். பிறகு
பழைய பட்டியலின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாய்
தாடை, தொடை, ஊசி விலா,
மஞ்சள் ஏறிய உளிப்பற்கள்.
மூன்று மண்டை எலி. ஒன்று மூஞ்சூறு.
மூஞ்சூறு நெல்லைத் தொடாது,
நெல்லைத் தின்ற புழுவைத் தின்னும்.
அந்தக் கணக்கு இன்னும் ஒரு கை தள்ளி.

பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் கால் நனைய நின்று
தாள்கள் பிடித்தது
விழுந்த வெயிலில் நூற்றில் ஒன்றோ என்னவோ.
எலி தின்ற பத்து மணியில்
ஒரு மணிதான் எலியாகிறது.
ஒன்பதும் ஓட்டம், நடுக்கம், மூச்சு,
வளைக்குள் ராத்திரி முழுக்கப் பல் உரசியது.
கூகையிடம் போனால் அங்கேயும் அதே தரகு.
பத்துக்கு ஒன்பது கழிவு பிடிக்கும் மண்டி
மதுரையில்கூட இல்லை.
இத்தனை வயலுக்கு இத்தனை எலி,
இத்தனை எலிக்கு ஒரு கூகைக் குடும்பம்,
கூகையைத் தின்று பிழைக்க யாரும் வரவில்லை.
வந்தால் கட்டுப்படியாகாது.

ஒன்பதாம் ராத்திரி காற்று அடித்ததில்
குஞ்சு ஒன்று சிப்பத்தின் மேல் விழுந்தது.
"தொடாதீங்க சார், சாவப் பறஞ்சுட்டுப் போகும்"
என்று சோணைமுத்து தள்ளிப்போய் நின்றான்.
துண்டால் எடுத்தேன்.
அழுக்குப் பஞ்சு, அறுத்த கொய்யா போல முகம்,
உடம்பைவிடப் பெரிய கோபம்.
எடைமேடையில் வைத்தேன்:
சிவப்பு எழுத்தில் முந்நூறு கிராம்.

உள்ளங்கையில் அதன் வயிறு கொதித்தது.
சிப்பத்துக்குள் கைவிட்டபோது இருந்த
அதே சூடு.

நூற்று முப்பத்தாறில் முந்நூறு கிராமுக்கும் குறைவாகத்தான்
எடைக்குக் கிடைத்தது.
மிச்சம் இப்படித்தான், ஒவ்வொரு உடம்பாய்ச்
சுட்டுக்கொண்டே போய்
கூரைக்கு மேலே ஆறியிருக்கிறது.
அதற்கு என் படிவத்தில் பத்தி கிடையாது.

சிப்பங்கள் மேல் ஏறி விட்டத்தில் வைத்தேன்.
தாய் என்னைப் பார்த்தது,
என்னால் யாருக்கு லாபம் என்பது போல.

மூன்று வரியில் ஒன்றைத்தான் எழுதினேன்: உலர்வு.
ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள்.
பிடித்தால் அந்த மாதம்
கூகை தின்றதில் என் சோறும் இருக்கும்.
இந்த வரிசையில் என் இடம் எதுவென்று
அப்படித்தான் தெரிந்தது.

லாரி வந்துவிட்டது. சோணைமுத்து
முதல் சிப்பத்தை முதுகில் வாங்குகிறான்,
வியர்வை ஆவியாகிறது.
மேலே சீறல்.
குஞ்சுக்கு மறுபடி பசி.